ஒரு சொட்டு ஃபார்மலின்

நிர்மலாதேவி செய்த தப்பு சில சொட்டு அளவுதான். அதைக் கண்டுபிடித்ததும் அவளே என்பதுதான் கொடுமை. வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு மூச்சு அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

காலாப்பட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. கடல்தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பாசிகளில் எது சாது, எது விஷம் என்று பிரித்து எழுத வேண்டும். சுனாமி வந்துபோய் மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கடல் கொஞ்சம் நிறம் மாறினாலே ஊருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தச் சித்திரையில் முகத்துவாரத்துத் தண்ணீர் பழுப்பாக மாறியபோதும் அப்படித்தான்.

முதலில் வேலையை நிறுத்தியவள் அஞ்சலாட்சி. முகத்துவாரத்துச் சேற்றில் மட்டி பொறுக்கிப் பெரிய மார்க்கெட்டில் விற்கிறவள். மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்துப் பேசிய பழக்கம். படித்தவர்கள் எல்லோருமே அவளுக்கு டீச்சரம்மாதான். மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்கிற பிராணி, தண்ணீரில் விஷப் பாசி இருந்தால் அத்தனையும் அதன் சதையில் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது என்று நிர்மலாதேவி எப்போதோ சொன்னதை அவள் மறக்கவில்லை. டீச்சரம்மா நல்லது என்று சொல்லுகிறவரை கூடையைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

நிர்மலாதேவி இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்தாள். பாசி கெடாமலிருக்க அயோடின் கரைசல் ஊற்றுவது வழக்கம். அன்று அது தீர்ந்திருந்தது. ஸ்டோருக்கு எழுதிப்போட்டால் வர பத்து நாள் ஆகும். கைக்கெட்டிய ஃபார்மலினை, செத்த உடம்பைக் கெடாமல் வைக்கிற அதே மருந்தை, ஒரு பாட்டிலில் விட்டாள். இன்னொன்றை எதுவும் விடாமல் ஜன்னலோரம் வைத்தவள் அப்படியே மறந்துபோனாள். மறுநாள் ஃபார்மலின் விட்டதைப் பார்த்தபோது கண்ணாடி ஓடு போட்ட சாதுப் பாசிகள் மட்டும்தான் இருந்தன. ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலதிகாரி லூதோவிக் சாரும் போட்டார். பேப்பரிலும் வந்தது.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, ஜன்னலைத் துடைக்கும்போது அந்த இரண்டாவது பாட்டில் கையில் தட்டுப்பட்டது. சும்மா ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கண்ணாடித் தட்டு முழுக்கச் சின்னச் சின்ன உயிர்கள் சுழன்று சுழன்று நீந்தின. ஓடு கிடையாது, கவசம் கிடையாது, வெறும் உடம்பு. அவள் படித்திருந்த விஷ ஜாதி. அப்படியென்றால் அன்றைக்கு ஏன் தெரியவில்லை? ஒரு சொட்டு ஃபார்மலினை ஓரத்தில் விட்டாள். சுழற்சி நின்றது. ஒன்று உப்பி வெடித்தது, பிறகு பக்கத்தில் இருந்தது. இரண்டு நிமிஷத்தில் தட்டில் சாதுப் பாசிகள் மட்டுமே மிஞ்சின, அன்று பார்த்ததைப் போலவே.

லூதோவிக் சார் கெட்டவர் இல்லை. அவரும் புதிதாக ஒரு துளி வைத்துக் குனிந்து பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன் இவர்கள் விஷம் என்று சொல்லி, அது ஒன்றுமில்லாமல் போய், மீனவப் பெண்கள் விற்காமல் அழுகிய மீனை ஆய்வுக்கூடத்து வாசல் கேட்டிலேயே கொட்டிவிட்டுப் போனது அவருக்கு மறக்கவில்லை. ஓய்வு பெற மூன்று மாதம்தான் பாக்கி.

"கொச்சி லேபுக்கு அனுப்புவோம். மூணு வாரத்துல ரிசல்ட் வந்துடும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

"அதுக்குள்ள ஜனங்க தின்னுருவாங்களே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் கான்ட்ராக்ட் இந்த மாசம் முடியுது. புதுப்பிக்கிற பேப்பர்ல நான்தான் கையெழுத்துப் போடணும். மெரட்டுறதா நெனைக்காத. இதுதான் நெலம."

அவள் மிரட்டலாகத்தான் நினைத்தாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கத்தினால் கொட்டியது தெரியும், எங்கே கை வைத்தான் என்பதும் தெரியும். நெல்லித்தோப்பு வீட்டில் புருஷன் ராமலிங்கமும் அதையே வேறு மாதிரி சொன்னான். பெரிய கையெழுத்து தப்பித்துவிடும், சின்ன கையெழுத்துதான் மாட்டும் என்றான். தப்பாகச் சொல்லவில்லை. தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. மார்க்கெட்டில் மட்டி அதிகம் போகிற நாள். கால் தானாக அங்கே போனது.

அஞ்சலாட்சியின் தலைக்கு மேல் கயிற்றில் ஒரு தாள் தொங்கியது. நிர்மலாதேவியின் அறிக்கைதான். ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம்.

"வா டீச்சரம்மா. உன் பேரச் சொல்லித்தான் ஓடுது யாவாரம்," என்று சிரித்தவள், உதட்டைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். "நேத்து ராத்திரிலேர்ந்து உதடு மரத்துக் கெடக்குது. வெத்தலைக்கி சுண்ணாம்பு தூக்கலாப் போச்சி போல."

உதடு மரத்துப்போவதுதான் அந்த விஷத்தின் முதல் அறிகுறி என்று படித்திருந்த நிர்மலாதேவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனாள். "நேத்து இன்னா சாப்ட்ட?"

"மட்டிதான். நீதான் நல்லதுன்னுட்டியே. ஊட்ல எல்லாரும் தின்னோம்."

விற்காதே அக்கா, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். வாங்க நின்ற ஒரு பெரியவர், நல்லது என்று கவர்மென்டே எழுதிக் கொடுத்தது தொங்குகிறது, இந்தப் பொண்ணு யார் நடுவில் என்றார். கூட்டம் அவரோடு சேர்ந்துகொண்டது. அவள் எழுதிய தாளே அவள் வாயை அடைத்தது.

அஞ்சலாட்சி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "வாய்ல சொன்னா யாரு கேப்பா? அன்னைக்கி எழுதித்தான குடுத்த?"

நிர்மலாதேவி தாளை இறக்கினாள். உறையிலிருந்து உருவி, பின்பக்கம் எழுதினாள். முன்பக்கம் உள்ளது என் தவறு. மட்டியில் விஷம் இருக்கலாம். வாங்க வேண்டாம், தின்ன வேண்டாம். கீழே கையெழுத்துப் போட்டபோது, இந்த மாதத்தோடு வேலை போயிற்று என்பது ஒரு பக்கம் ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள்.

அஞ்சலாட்சிக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, அடியில் இருந்த கையெழுத்தை மட்டும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே கைதான்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. ஈரச் சாக்கை இழுத்துக் கூடையை மூடினாள். பிறகுதான் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. நிர்மலாதேவியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டோ கூப்புடு டீச்சரம்மா. மொதல்ல ஊட்டுக்கு. பேத்திக்கி ரெண்டு வயசுதான் ஆவுது."