முடியாது என்னும் வீட்டுப்பாடம்

சின்னவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கடைசியாகப் பிறந்தவள் என்பதால் வீட்டில் இன்னும் அதுதான் அவள் பெயர். மற்றவர்களின் பருக்களை அழிப்பது அவள் தொழில். புகைப்பட நிலையத்திலிருந்து கல்யாணப் படங்கள் வரும். வீட்டின் கடைசி அறையில் திரையை இழுத்துவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைப்பாள். கண்ணை மூடிக்கொண்ட சித்தப்பாவுக்கு வேறு படத்திலிருந்து கண்களைக் கொண்டுவந்து வைப்பாள். யார் என்ன கேட்டாலும் "சரி, பண்ணிடலாம்" என்பாள்.

அந்தச் 'சரி' ஒரு வியாதி என்று அவளுக்குத் தெரிந்தது, அண்ணன் தன் நிறுவனத்தை மூடியபோதுதான். பிற நிறுவனங்கள் உருப்பட யோசனை சொல்லும் நிறுவனம் அது. மிஞ்சியது ஒரு கண்ணாடி மேசை. அதில் இரண்டு பேர் படுத்துப் புரளலாம்.

"இனிமே வீட்லேருந்தே வேலை. மேசையை உன் ரூம்ல போட்டுக்கறேன். நீ ஹால்ல உக்காந்துக்கோ. தற்காலிகமாத்தான்" என்றான்.

அந்த வீட்டில் குளியலறைக்குள் ஓர் ஏணி தற்காலிகமாக நிற்கிறது. சின்னவள் பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே வந்தது. கூடத்திலோ வெளிச்சம் நிமிடத்துக்கு ஒரு நிறம் காட்டும். அங்கே உட்கார்ந்தால் மணமக்களெல்லாம் மஞ்சள்காமாலையோடுதான் போவார்கள். ஆனாலும் அவள் வாய் "சரி" என்று சொல்லிவிட்டது. மேசை ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

அன்றே இணையத்தில் ஓர் ஆலோசகரைப் பிடித்தாள். திரையில் அந்த அம்மாளுக்குப் பின்னணிப் படமாக ஒரு புத்தக அலமாரி இருந்தது. அவர் தலையை ஆட்டும்போதெல்லாம் இடது காது அலமாரிக்குள் கரைந்து போனது.

"உங்களுக்குள்ள ஒரு 'முடியாது' தூங்கிட்டிருக்கு. மெதுவா எழுப்புவோம். தினம் ஒரு தடவை யார்கிட்டயாவது மறுத்துப் பேசுங்க, கோபமில்லாம. 'உங்க உணர்வை நான் மதிக்கிறேன். ஆனா இது எனக்கு ஒத்துவராது.' எங்கே, சொல்லுங்க."

சின்னவள் சொன்னாள்.

"அருமை! ஆமா, நீங்க படமெல்லாம் சரிபண்ணுவீங்கதானே? என் முகப்புப் படத்துல இந்தத் தாடையைக் கொஞ்சம் கவனிக்க முடியுமா?"

"இது பயிற்சிக்காகக் கேக்கறீங்களா மேடம்?"

"இல்லைங்க, நிஜமாவே வேணும்."

"சரி, பண்ணிடலாம்" என்றாள் சின்னவள்.

அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "அந்த கம்ப்யூட்டர் டாக்டரம்மா என்ன சொன்னா?" சொல்ல மாட்டேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் டாக்டரம்மாவே தேவைப்பட்டிருக்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பாசமான குடும்பம்; மறுநாளே வைத்தியத்தில் இறங்கிவிட்டது. அம்மா காபியை நீட்டினாள். "வேணுமாடி? யோசிச்சுச் சொல்லு, இன்னிக்குப் பாடம் இருக்கு." சின்னவளுக்குக் காபி வேண்டும். அம்மாவின் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்ததால் "வேண்டாம்மா" என்றாள். "என் ராசாத்தி!" என்று கன்னத்தை வழித்துவிட்டு, அந்தக் காபியை அம்மாவே குடித்தாள்.

மறுநாள் அண்ணி வந்தாள். "இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுதா? இல்லேன்னா நான் ஏதாவது கேக்கறேன். உன் நீலக் குடையைக் கேக்கட்டுமா?"

"உங்க உணர்வை நான் மதிக்கிறேன் அண்ணி. ஆனா இது எனக்கு ஒத்துவராது."

"அடேயப்பா, சில்லுனு இருக்குடி கேக்க! சரி, பாடம் முடிஞ்சுது. இப்பக் குடையைக் குடு, வெளியே தூறுது."

ஞாயிற்றுக்கிழமை நாலு ஆட்கள் மேசையைச் சவப்பெட்டிபோலத் தூக்கி வந்தார்கள். சின்னவள் அறை வாசலில் நின்றாள். இது பாடமில்லை.

"அண்ணா, உன் உணர்வை நான் மதிக்கிறேன். ஆனா இது எனக்கு ஒத்துவராது."

அண்ணன் முகம் மலர்ந்தது. "பார்றா! அம்மா, இங்க வந்து கேளு. இன்னொரு தடவை சொல்லு சின்னது. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னாள். அம்மாவும் அண்ணியும் கைதட்டினார்கள். மேசையின் முன்கால்களைப் பிடித்திருந்த ஆள், கை ஒழியாததால் "நல்லாச் சொன்னீங்கக்கா" என்றான்.

"நம்ம கம்பெனியில இப்படிப் பேச ஒருத்தன் இருந்திருந்தா நான் மூடியிருக்கவே மாட்டேன்" என்று அண்ணன் நெகிழ்ந்தான். பிறகு ஆட்களிடம் திரும்பினான். "ம்ம், சாய்ச்சுப் பிடிங்கப்பா. உள்ள விடுங்க."

மேசை அவளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தது. அதன் விளிம்பு கணினியைத் தொட்டபோது, சின்னவளின் வயிற்றுக்குள்ளிருந்து முன்பின் அறியாத ஒரு குரல் கிளம்பியது.

"எடுடா வெளியே! இன்னும் ஒரு அடி வெச்சா சுத்தியலால அடிச்சு நொறுக்கிருவேன். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லி உன் கடையை ஊத்தி மூடினதுக்கு, என் ரூம் என்னடா பாவம் பண்ணுச்சு? முடியாதுன்னா முடியாதுதான். போ!"

யாரும் கைதட்டவில்லை. ஆட்கள் கேட்காமலே பின்வாங்கினார்கள்.

"ஐயோ, நல்லா இருந்த பொண்ணு!" அம்மா தலையில் கை வைத்தாள். "குணமாகும்னுதானே விட்டேன்!"

"இப்படித்தான் சில பேருக்குச் சிகிச்சை உள்பக்கமாத் திரும்பிடும்" என்றாள் அண்ணி, எங்கோ படித்தவள்போல.

மேசை கூடத்தில் இறங்கியது. அன்று முதல் குடும்பம் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தது. அண்ணன் அந்த வாரமே ஆலோசகருக்கு நீளமாகச் செய்தி அனுப்பினான்.

"கொஞ்சம் வருத்தமா இருக்கு" என்றார் ஆலோசகர், அடுத்த முறை திரையில் வந்தபோது. தாடை இப்போது அழகாக இருந்தது, முகப்புப் படத்தில் மட்டும். "உறுதி வேற, ஆவேசம் வேற. நாம ரொம்பப் பின்னாடி போயிட்டோம். அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அதையே மென்மையாச் சொல்லிப் பாருங்க."

"மென்மையாச் சொன்னா மேசை உள்ள வந்துரும் மேடம்."

"அந்த மேசை எதோட குறியீடுன்னு நினைக்கறீங்க?"

"குறியீடெல்லாம் இல்லைங்க. கண்ணாடி. கால் இரும்பு."

"அப்ப, நான் சொல்றதைச் செய்ய மாட்டீங்க?"

"முடியாது மேடம்."

ஆலோசகரின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "சபாஷ்!" என்று பலமாகக் கைதட்டினார். காது இரண்டும் அலமாரிக்குள் போய்விட்டன.

கைதட்டல் கதவைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். மெல்லத் தட்டும் ஓசை. "சின்னது, பழையபடி ஆயிட்டியாம்மா?" என்றது அண்ணனின் குரல், தேனாக. "ஆளுங்களைக் கூப்பிடட்டுமா?"

சின்னவள் ஆலோசகரிடம் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினாள். எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். கோபம் கொஞ்சமும் இல்லை, சிரிப்புதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, தெரு வரை கேட்கும்படி கத்தினாள்:

"நொறுக்கிருவேன்டா!"

வெளியே காலடிகள் பக்கவாட்டில் விரைந்தன.

"விடுடா, தொந்தரவு பண்ணாதே" என்று அம்மா கிசுகிசுப்பது கேட்டது. "அவளுக்கு இன்னும் குணமாகல."