சுந்தரலிங்கம் போய் உட்காரும் சுவர்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் தேடிப் போகவும் இல்லை. மழைக்குள் ஒரு மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே கண்டதுதான் கதை. வாயால் சொன்னால் ஆளுக்கு ஆள் ஒன்று சேர்த்துவிடுவார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியாது. உங்களை எனக்குப் பழக்கமில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

பெரகலைச் சந்திக்கு மேலே, பச்சைப் போர்வை போர்த்திய மலைச்சாரலில், எழில் கொஞ்சும் ஒரு தேயிலைத் தோட்டத்தில்—

அடித்துவிட்டேன். எழில் பார்க்கிறவன் காரில் வந்து போகிறவன். இருக்கிறவன் மலையைப் பார்ப்பது அது அசைகிறதா என்றுதான்.

இரண்டாவது:

மேனுஷா சர்வதேச வணிகம் படிக்கிற பிள்ளை. இப்போது போலந்து நாட்டில்—

இதுவும் சரிப்படவில்லை. பிள்ளையில் ஆரம்பித்தால் நீங்கள் அவளோடு விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். ஆபத்து இங்கே இருக்கிறது.

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்:

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் சுந்தரலிங்கம் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, சிவப்பு நாடா கட்டிய லயத்துக்குப் போவான். யாரும் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்ட தொழிலாளர் வரிசை வீடுகள் அவை. அங்கே தன் பழைய ஒற்றை அறைக் காம்பராவைத் திறந்து, நீலச் சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மகளின் வீடியோ கோலுக்காகக் காத்திருப்பான்.

2

சுந்தரலிங்கம் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறவன். பெண்சாதி லீலா. ஒரே பிள்ளை மேனுஷா. கெம்பஸில் மூன்றாம் வருடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரை அரை வருடம் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதில் இவளும் போனாள். நடுவில் விட்டுவிட்டு வந்தால் போவதற்குக் கொடுக்கிற உதவிப் பணமும் போச்சு, வருடமும் போச்சு. இதை அவள் போகுமுன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

படிப்பைப் பற்றி அவளிடம் நேரே கேட்டிருக்கிறேன்.

"ஒரு நாட்டுச் சாமான இன்னொரு நாட்டுல விக்கிறது மாமா."

"அத வெள்ளைக்காரன் படிக்காமலே செஞ்சானே."

"எப்பிடி செஞ்சான்னுதான் மாமா நாங்க படிக்கிறோம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளையை மலையிலிருந்து எடுத்துக் கடல் தாண்டி வைப்பதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

அவள் போய்ச் சேர்ந்து குளிர் பிடித்த நேரத்தில் இங்கே மழை பிடித்தது. லயத்துக்குப் பின்னால் மேட்டில் நிலம் வாய் பிளந்தது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், நாடா கட்டினார்கள். லயத்து ஆட்களை எல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். வாங்கு மேசைகளை ஓரத்தில் அடுக்கிவிட்டு, வகுப்புக்கு நாலு குடும்பமாகச் சேலை கட்டி மறைத்துக்கொண்டு இருக்கிறோம்.

இதை மேனுஷாவிடம் யாரும் சொல்லவில்லை.

(அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: படிக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி சொல்வதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் ஏ.எல். பரீட்சை எழுதியபோது சுந்தரலிங்கத்தின் அண்ணன் இறந்துபோனான். பெரியப்பா மொனராகலைக்குக் கரும்பு வெட்டப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தோம். கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வந்து, "பெரியப்பா இன்னும் வரலியா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவள் முகம் போன போக்கை இங்கே எழுதப்போவதில்லை.)

3

முதல் ஞாயிறு பள்ளிக்கூட வாசலிலிருந்துதான் பேசினார்கள். பின்னால் ஒரே சத்தம்.

"யாருப்பா அவ்வளவு பேரு?"

"கல்யாண வீடும்மா."

"யாருக்குக் கல்யாணம்?"

சுந்தரலிங்கம் முழித்தான். லீலா போனைப் பிடுங்கி, "கருப்பம்மா வீட்ல" என்றாள். கருப்பம்மா அறுபதைத் தாண்டிய கைம்பெண். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எந்நேரமும் அவள் வாயில் அதுதான். "என்னா சுந்தரலிங்கம், எனக்கு மாப்பிள்ள பாத்துட்டியா? மண்ணு வர்றதுக்குள்ள முடிச்சு வையி."

இரண்டு கல்யாணம் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறே அவன் லயத்துக்குப் போனான். நீலச் சுவரைக் கண்டால் பிள்ளை நிம்மதியாக இருப்பாள் என்றான். சுவரில் வெடிப்பு இருந்தது. காலண்டரை அதன் மேல் மாட்டினான். அடுத்த வாரம் காலண்டர் போதவில்லை. முருகன் படத்தையும் பக்கத்தில் நகர்த்தினான். அதன்பிறகு லீலாவை உள்ளே வர விடவில்லை. "ஒரு ஆளு போதும்" என்றான். இருந்த போனும் அது ஒன்றுதான்.

வெளியே, மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற பீலியடியில் ஒரு ஆள் நின்று மேட்டைப் பார்க்கவேண்டும் என்று லீலா பிடிவாதம் பிடித்தாள். அந்த ஆள் நான்தான். லீலாவுக்கு அண்ணன், அவனுக்கு மச்சான். இந்த ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். எடுத்தால் மேட்டைப் பார்க்க யாரும் இல்லை. அதனால் நிற்கட்டும். ஆனால் ‘மச்சான்’ என்றுதான் எழுதுவேன். ‘நான்’ என்று போட்டால் அதற்கு மேல் எழுத வராது.

ஏதாவது ஆபத்தென்றால் சத்தம் போடக்கூடாது, கூரைத் தகரத்தில் ஒரு கல்லைப் போடவேண்டும் என்று பேச்சு. சத்தம் போட்டால் பிள்ளைக்குக் கேட்கும். ஒரு தடவை மேலே மரக்கிளை முறிந்ததற்கு மச்சான் பயந்து கல்லைப் போட்டுவிட்டான்.

"என்னப்பா சத்தம்?"

"கொரங்கும்மா. சனியன், ஞாயித்துக்கிழம பாத்துதான் வரும்."

வெளியே வந்து மச்சானைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

4

இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. புத்தியுள்ள மனுசன் இப்படிச் செய்வானா? நீங்களும் அதைத்தான் நினைப்பீர்கள். ஆகவே அவன் பேசியதை அப்படியே தருகிறேன். பிறகு நீங்களே பாருங்கள்.

"அப்பா, ஒரு கட்டுரை எழுதணும். ஒரு கம்பனி ஒரு நாட்டுல தொழில் தொடங்கிறதுக்கு முந்தி அங்க என்ன என்ன ஆபத்து வரும்னு பாக்கணும். நான் நம்ம தேயிலைய எடுத்திருக்கேன்."

"நல்லதும்மா."

"நியூஸ்ல மண்சரிவு, பதுளை பதுளைன்னே வருது. நம்ம பக்கம் மண்ணு எப்பிடி?"

சுந்தரலிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்பு பொரிந்து கொட்டியது. காதுக்குக் கேட்டது. கழுத்தைத் திருப்பாமல் இருந்தான்.

"அதெல்லாம் லுணுகலைப் பக்கம். நமக்கு ஒன்னுமில்ல."

"அப்ப ஆபத்து கொறைவுன்னு போடவா?"

"போடும்மா."

"யாரு சொன்னான்னு கேப்பாங்க. ஒங்க பேரத்தான் போடப்போறேன். பொறந்ததுலேருந்து அந்த மலையில இருக்கிறவருன்னு."

"என் பேரு எதுக்கும்மா?"

"நீங்கதானப்பா எனக்கு ஆதாரம்!"

அவள் உற்சாகமாகச் சொன்னாள். பிறகு அந்தக் கட்டுரைக்கு அங்கே நல்ல பேராம். எங்கோ ஒரு நாட்டில், பனி விழுகிற கட்டடத்தில், எங்கள் மலை பத்திரமாக இருக்கிறது என்று சுந்தரலிங்கம் சாட்சி சொல்லி வைத்திருக்கிறான்.

கட்டுரை பற்றிப் பேசிய அன்று மாலையே மச்சான் அவனைப் பிடித்துக் கேட்டான்.

"ஏன்டா, மண்ணுக்குள்ள போறதுக்கா மகளப் படிக்க வச்ச?"

"சொன்னா ஓடியாந்துருவா மச்சான். ஒங்களுக்கு அவளத் தெரியாதா? ஓடியாந்தா திரும்பப் போகமாட்டா. எங்கள விட்டுட்டுப் போகமாட்டா."

"நீ போயிட்டா?"

"நாலு ஞாயிறு மச்சான். நாலே நாலு. பரீட்சை முடிஞ்சிரும்."

லீலா மறைப்புச் சேலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லிருவோம் அண்ணே. எனக்கு வயிறு எரியுது" என்றாள். சுந்தரலிங்கம் எழுந்து போய்விட்டான்.

(எழுதும்போது இன்னொன்று தோன்றுகிறது. அந்தப் பிள்ளையும் எந்நேரமும் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால்தான் உட்காருகிறாள். வீட்டுக்குள்ளேயே தடித்த ஜேக்கட் போட்டிருக்கிறாள். போனைத் திருப்பி அறையைக் காட்டியதே இல்லை. அங்கே அவளுக்கு என்ன—. வேண்டாம். ஒரு பயம் போதும்.)

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. மண் வருகிறது. இரண்டு சொல் எழுதினேன், கை நின்றுவிட்டது. எழுதினால் நடந்துவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் எழுதாமல் விடுவதில் யாருக்கு என்ன நட்டம்?

இரண்டு. லீலா சொல்லிவிடுகிறாள். பிள்ளை அடுத்த விமானத்தில் வந்து இறங்குகிறாள், பள்ளிக்கூட மூலையில் தாய் தகப்பன் பாய் விரித்திருப்பதைப் பார்க்கிறாள். கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அழுகை எத்தனை நாளைக்கு? பிறகு பண்டாரவளையில் ஒரு புடைவைக்கடையில் சேலை மடித்துப்போடுகிற வேலை. சுந்தரலிங்கம் லீலாவோடு பேசுவதை நிறுத்திவிடுகிறான். இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

மூன்று. பாதுகாப்பான இடத்தில் எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். சாவி வாங்குகிற படம்கூட எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

நாலாவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும்.

6

நாடா கட்டிய அன்றைக்கே கஜேந்திரன் என்ற அதிகாரி தெளிவாகச் சொல்லியிருந்தார். "பீலித் தண்ணி திடீர்னு கலங்கினாலோ நின்னாலோ யோசிக்காதீங்க. சாமான் எடுக்காதீங்க. ஓடுங்க."

ஞாயிறு. காலையிலிருந்து விடாத மழை. சுந்தரலிங்கம் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். மச்சான் பின்னாலேயே போய்ப் பீலியடியில் நின்றான். தண்ணீர் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது.

கோல் வந்தது. மழைக்காக அவன் போனின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான். திறந்த கதவு வழியாக எல்லாம் கேட்டது.

"அம்மா எங்கப்பா?"

"கோயிலுக்குப் போயிருக்கா."

"மழையிலயா?"

"ஆமா... பூச."

"போன வாரம் பல்லு வலின்னீங்க. அதுக்கு முந்தின வாரம் தூங்குறாங்கன்னீங்க."

பிறகு அவள் குரல் வேறு மாதிரி வந்தது.

"அப்பா, நான் ஒன்னு கேப்பேன். பரீட்சையெல்லாம் நெனைக்காம சொல்லணும். அம்மா இருக்காங்களா?"

"என்னா பேசுற நீ?"

"பெரியப்பாவுக்கும் இப்பிடித்தானே சொன்னீங்க. அம்மாவுக்கும் ஒவ்வொரு வாரமும் ஒன்னு சொல்றீங்க. நான் ராவெல்லாம் தூங்கலப்பா. அம்மா செத்துட்டாங்களா?"

சுந்தரலிங்கம் வாயைத் திறந்தான். எதைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள் என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. லீலாவைக் காட்டாமல் இந்தக் கதிரையிலிருந்து எழும்ப முடியாது. லீலாவை இங்கே கூப்பிடவும் முடியாது. எழும்பி வெளியே போனால், பள்ளிக்கூடத்தைப் போய்ச் சேருமட்டும் அந்தப் பிள்ளை தாய் செத்துவிட்டாள் என்றே இருப்பாள். நடுவழியில் சிக்னலும் கிடையாது.

"அழாதம்மா. ஒக்காரு. அப்பா சொல்றேன்" என்றான். சொல்லவில்லை.

பீலியில் விழுந்த தண்ணீர் பால் ஊற்றின தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது.

மச்சான் கல்லை எடுத்துத் தகரத்தில் எறிந்தான். மழைச் சத்தத்தில் அது விழுந்ததே தெரியவில்லை. இன்னொன்று எறிந்தான். உள்ளே அவன் திரும்பவில்லை.

அந்த நேரத்தில் கீழே படியில் லீலா ஏறி வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருக்க முடியாமல் வந்திருக்கிறாள். நாடாவைத் தாண்டியவுடன் அவள் காதில் விழுந்தது மகளின் குரல்தான்: "அம்மா செத்துட்டாங்களாப்பா, சொல்லுங்கப்பா."

குடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மச்சான் குறுக்கே விழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடுங்க அண்ணே! மூஞ்சிய மட்டும் காட்டிட்டு ஓடியாந்துர்றேன்!"

"தண்ணியப் பாரு லீலா!"

"எம்புள்ள நான் செத்துட்டேன்னு அழுவுறா!"

7

நாலாவது முடிவு இதற்குப் பிறகு வரவேண்டும். பல தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

லீலாவின் கையை விட்டால்—

கையை விடாமல் சத்தம் போட்டால், பிள்ளை அதையும் கேட்டு—

மண் வராமலே போய், மூன்று பேரும் பள்ளிக்கூட வாசலில்—

ஒன்றும் நிற்கவில்லை. எழுதத் தெரிந்த யாராவது இருந்தால் தாயின் முகத்தை மகளுக்குக் காட்டி, தகப்பனை வெளியே கொண்டுவந்து, மலையையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படி எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு கையில் தங்கச்சியின் மணிக்கட்டு, மறு கையில் இன்னும் எறியாத மூன்றாவது கல், கண் பீலித் தண்ணீரில். இந்த நிலையில்தான் பேனாவைக் கீழே வைத்தேன்.

இனி உங்கள் பாடு. நீங்கள் இதை மூடி வைத்தாலும் அவன் அந்தக் கதிரையில்தான் இருப்பான், அந்தப் பிள்ளை பதிலுக்குக் காத்துக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்கு உண்மையைச் சொல்வதா, எப்படிச் சொல்வது, படிப்பு என்னாவது, அதையெல்லாம் பிறகு யோசியுங்கள். முதலில் ஆளைக் கூப்பிடுங்கள். பெயர் சுந்தரலிங்கம். மெதுவாகக் கூப்பிட்டால் கேட்காது. தகரத்தில் மழை.