பலகை ஏறாத பாறை

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறிவேன். அன்று எறியவில்லை. பட்டறை வாசலில் நின்று கத்தியது என் சொந்த அண்ணன்.

"என் பாரை ஒடச்சிட்டியேடா, பாவி! எல்லாம் உன் பலகைதாண்டா!"

அண்ணன் அப்பாதுரை கோவளத்தில் கட்டுமரம் ஏறித் தூண்டில் போடுகிறவன். நான் துரைராஜ், கடலில் வாந்தி தாங்காமல் கரையேறி, திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்தவன். விசைப்படகின் இழுவலை வாயை விரித்துப் பிடிக்க இரண்டு கனத்த பலகைகள் வேண்டும். அவை கடலடியைச் சுரண்டிக்கொண்டே போகும். பார் என்பது கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. அதில் பலகை ஏறினால் வளர்ந்திருப்பதெல்லாம் நொறுங்கும், மீன் தங்காது. வலை கிழியும் என்று படகுக்காரர்களே பாரை ஒதுக்கிப் போவார்கள். தொண்ணூற்று மூன்றில் ஒரு படகுக்காரர் வந்து, பாரிலும் ஏறுகிற மாதிரி பலகைக்கு அடியில் இரும்பு லாடம் வைக்கச் சொன்னார். ஒரு ஜோடி செய்து கொடுத்தேன். இன்னொரு ஜோடிக்கும் சொல்லியிருந்தார்.

அண்ணன் காலை உடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருந்தான். தேறிக் கடலுக்குப் போனால், பார் இருந்த இடத்தில், அடித்தரை பார்க்கக் கயிற்றில் இறக்கும் ஈயக்குண்டு சேற்றில் புதைகிறதாம். அவன் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தப் பாரை நம்பித்தான்.

"எடத்தைத் தப்பா பாத்திருப்பண்ணா," என்றேன்.

"இன்னாது? எனக்கே சொல்றியா? போடா டேய்!"

போய்விட்டான். என் லாடம்தானோ? கேள்வி விடவே இல்லை, சோறும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போய், "என்னையும் இட்டுக்கினு போ, நானே பாக்கறேன்," என்று கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வழியெல்லாம் வாந்தி. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரிடத்தில் குண்டை இறக்கி ஏற்றினான். கறுப்புச் சேறு.

"பாத்தியா?"

"குறி இன்னாண்ணா?"

குறியைச் சொல்லாமல் கயிற்றைச் சுருட்டினான். கரையில் தெரியும் இரண்டு பொருள்களை ஒரே நேரில் வைத்துத்தான் கடலில் இடம் பிடிப்பார்கள். அந்தக் குறியை ஒவ்வொரு வீடும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும். பக்கத்துக் கட்டுமரத்துக்காரனிடம் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். இரும்படிக்கப் போன தம்பியும் அவனுக்கு வெளியாள்தான்.

"சொல்லேன், நான் இன்னா திருடனா?" என்று நானும் கத்தினேன்.

ஆத்திரத்தில் கொட்டிவிட்டான். "மாதா கோயில் சிலுவை சவுக்குத்தோப்பு முனைக்கு நேரா. கேளம்பாக்கத்துத் தண்ணி டேங்கு வண்டலூர் மலை உச்சிக்கு நேரா. போதுமா?"

"எந்த டேங்கு?"

"அதோ வெள்ளையா கீதே, கண்ணு தெரியலையா?"

நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "யண்ணா! நீ படுத்துகினு இருக்கச்சொல்ல பழைய டேங்கை இடிச்சிட்டாங்க. இது புதுசு. தெக்கால தள்ளிக் கட்டிகீறாங்க. தாம்பரத்துலேருந்து பஸ்ல வர்றப்பல்லாம் பாக்கறேன்!"

அண்ணன் கரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். துடுப்பை எடுத்து வடக்கே வலித்தான். நிறுத்தி, குண்டை இறக்கி, கயிற்றை என் கையில் கொடுத்தான்.

டக்கென்று இடித்தது. கல்!

ஏற்றிப் பார்த்தால் குண்டில் சிவப்பாக, மெத்தென்று பாறையில் செடிபோல் வளரும் கடல்விசிறியின் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. பார் உயிரோடு இருக்கிறது. அடுத்துத் தூண்டில் போட்டான், முழங்கை நீளத்துக்கு ஒரு களவா மீன் வந்தது.

"ஆண்டவரே!" என்று கூவிவிட்டேன்.

"கத்தாதடா சனியனே, மீனு ஓடிடும்," என்றான் அண்ணன். அவன் முகமெல்லாம் கண்ணீர்.

அப்பாடா என்றிருந்தது. என் லாடம் இங்கே வரவில்லை. இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அந்தப் படகுக்காரர் அடுத்த ஜோடிக்காக வந்தார். "சாதாப் பலகை வேணும்னா செஞ்சு தரேன் சார். லாடம் வெக்க மாட்டேன்," என்றேன். கண்டபடி திட்டிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது.