ஞாயிறு மட்டும்

"தினமும் எல்லாம் போன் பண்ணாதீங்க. உங்க குரலைக் கேட்டா எனக்குப் படிப்பு ஏறாது."

"சரி, எப்பதான் பேசுறது?"

"ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு நானே கூப்பிடுறேன்."

"என்னம்மா இது, டாக்டர்கிட்ட நேரம் வாங்குற மாதிரி!"

"சிரிக்காதீங்க. ஒரு சின்னக் குறைன்னு நீங்க சொன்னாக்கூடப் பையைத் தூக்கிட்டு வந்து நிப்பேன். அது உங்களுக்கே தெரியும்."

அது அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் மனைவியை வழியனுப்பிய ரயிலடியில் தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஏழு மாதம் ஓடிவிட்டது. மனைவி வெளியூரில் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் ஓராண்டு மேற்பயிற்சியில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மனதில் வைத்திருந்த ஆசை அது. நடுவில் விட்டுவிட்டால் மறுபடி இடம் கிடைக்காது.

எனவே ஒவ்வொரு ஞாயிறும் "எல்லாம் நல்லா இருக்கா?" என்று அவள் கேட்க, "ஒரு குறையும் இல்ல" என்று இவர் சொல்ல, பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. மற்ற ஆறு நாட்களைத்தான் எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை. கட்டிலில் அவள் பக்கம் மாறிப் படுத்துப் பார்த்தார். இப்போது காலியாக இருப்பது தன்னுடைய இடம்தானே என்று ஓர் ஆறுதல். அது ஒன்பது நாள் வேலை செய்தது. பிறகு வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் சாணை பிடித்தார். கூடவே இருந்த அவருடைய அக்கா விரலை வெட்டிக்கொண்ட பிறகு அதையும் நிறுத்தினார்.

அவர்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் கல்லாவில் அக்கா. நடு அறையில் மனைவி கண்ணைச் சோதித்துப் பவர் சொல்வாள். பின்னறையில் இவர் லென்ஸை வெட்டித் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார். மனைவி போன பிறகு நடு அறைக்கு ஓர் இளம் பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். கெட்டிக்காரி, வாயைத் திறந்து பேசத்தான் மாட்டாள். அச்சடித்த மாதிரிச் சீட்டு எழுதி, இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சின்ன ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

புதன்கிழமை காலை பஸ் டிரைவர் கடைக்குள் வந்தார். புதுக் கண்ணாடி கையில் இருந்தது, முகத்தில் இல்லை.

"ஐயா, இதைப் போட்டா வீட்டுல கடைசிப் படி எங்க இருக்குன்னே தெரியல. நல்லவேளை, லீவுல இருக்கேன். அதுகூடப் பரவாயில்ல. நேத்து வாசல்ல நின்னது என் பொண்டாட்டின்னு நினைச்சுக் கண்ணடிச்சுட்டேன்."

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"மாமியார்!"

அக்கா கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கருவியில் வைத்துப் பார்த்தார். இரண்டு பவரும் சரி, ஆனால் இடம் மாறியிருந்தன. வலக்கண்ணுக்கு உரியது இடப்பக்கம், இடக்கண்ணுக்கு உரியது வலப்பக்கம். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் செய்யாத தவறு. டிரைவர் லீவில் இல்லாமல் இந்தக் கண்ணாடியோடு பஸ்ஸை எடுத்திருந்தால்?

டிரைவரை உட்காரவைத்து, வேறு லென்ஸ் வெட்டி, நான்கு தடவை சரிபார்த்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு பின்னறையில் உட்கார்ந்து யோசித்தபோது விஷயம் பிடிபட்டது. மனைவி இருந்தவரை அவர் சீட்டைப் பார்த்து வேலை செய்ததே கிடையாது. மனைவி ஜன்னலில் நின்று, "வலது, மைனஸ் ஒண்ணே முக்கால்" என்று வாசிப்பாள். இவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே வலது லென்ஸில் மையால் ஒரு புள்ளி வைப்பார். பிறகுதான் அவள் இடதைச் சொல்வாள். அந்தக் குரல் கேட்டால்தான் கை புள்ளி வைக்கும். இந்த ஏழு மாதமும் புள்ளி வைக்காமலே கை ஏதோ பழக்கதோஷத்தில் ஓடியிருக்கிறது.

மறுநாள் அக்காவை வாசிக்கச் சொன்னார். அவள் பரிசுச் சீட்டு முடிவு அறிவிப்பதைப் போல ராகம் போட்டு வாசித்தாள். இரண்டாவது சீட்டிலேயே அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய் தம்பி, உனக்கு வேண்டியது நம்பர் இல்ல, ஆளு. அவகிட்டயே சொல்லிடேன்."

"சொன்னா வந்துடுவாக்கா."

"வான்னு ஏன் சொல்ற? வேற என்ன வேணுமோ அதைச் சொல்லு. இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்து இன்னும் எத்தனை பேரை மாமியாருக்குக் கண்ணடிக்க வைக்கப்போற?"

ஞாயிறு நான்கு மணிக்குப் போன் வந்தது.

"எல்லாம் நல்லா இருக்கா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு டிரைவர் கதையைச் சொன்னார். மாமியார் வந்த இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். லென்ஸ் இடம் மாறியதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நீங்களா? நீங்களா மாத்தி வச்சீங்க?"

"நானேதான்."

"நான் கிளம்பி வரட்டுமா?"

"வேண்டாம்! பயிற்சியை முடிச்சுட்டுத்தான் வரணும். அதுல மாத்தமே இல்ல." எழுந்து அறைக்குள் நாலு எட்டு நடந்தார். "தினமும் காலையில முந்தின நாள் வந்த சீட்டையெல்லாம் படம் எடுத்து அனுப்புறேன். நீ ஒரு அஞ்சு நிமிஷம் போன்ல வாசிச்சேன்னா..."

"அதுக்கு அக்கா போதுமேங்க? கல்லாவுல உக்காந்துக்கிட்டே வாசிச்சிடுவாங்க."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடுவதும், "இதோ வரேன்" என்று அவள் சொல்வதும் கேட்டது. வைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பதறியது. வைத்துவிட்டால் இன்னும் ஏழு நாள்.

"நம்பர் சும்மா சாக்கும்மா," என்றார். "எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தல. தினமும் கூப்பிடு."