ஒற்றை டிக்

"லிஃப்டுல ஏறாது, படியில வாங்க" என்றான் அவன், ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்பதற்கு முன்பே.

நாலு பேர் நிற்கிற லிஃப்ட். ஸ்ட்ரெச்சரை நிமிர்த்திப் பிடித்தால்தான் உள்ளே போகும். பதினெட்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறவனுக்கு இது தெரியாதா என்ன. மனைவியைச் சாமான் மாதிரி நிமிர்த்தி மேலே கொண்டுபோக அவனுக்கு மனசு வரவில்லை.

மூன்று மாடி. தலைப்பக்கம் அவன், கால்பக்கம் அவள் தம்பி. ஒவ்வொரு திருப்பத்திலும் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவளுக்கு இனிமேல் எது பட்டாலும் வலிக்காது என்பது இரண்டாவது மாடி திரும்பும்போதுதான் உறைத்தது. அப்போதும் வாய் "மெல்ல" என்றுதான் சொன்னது.

கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டிலைப் போட்டு வைத்திருந்தார்கள். காலை மணி ஒன்பது. விடிவதற்குள் உயிர் போயிருந்தது.

"நாலு மணிக்கு வண்டி வரச் சொல்லியிருக்கேன் மாமா" என்றான் தம்பி. "டாக்டர் கொடுத்த பேப்பரை ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருக்கேன். அது இல்லாம சுடுகாட்டுல உள்ள விடமாட்டாங்களாம்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை அவன் மேஜைமேல் வைத்தான். மூக்குக் கண்ணாடி, சீப்பு, போன். போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. சனியன், இன்றைக்காவது சும்மா இருக்கக் கூடாதா.

அது கடைக்குக் கடை விற்கிற போன் இல்லை. எங்கோ ஒரு சின்னக் கம்பெனி செய்தது. கொஞ்சம் பேரிடம்தான் இருக்கிறது என்பதால் பெரிய கம்பெனிகள் அதற்கு ஒரு செயலியும் எழுதித் தருவதில்லை. அவள் எழுதினாள். செய்தியைப் பூட்டி அனுப்பும் செயலி. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு ஒரு ஈ காக்கை படிக்க முடியாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மூன்று வருஷமாக இதே வேலை. அந்தப் போன் வைத்திருக்கிற நூற்று நாற்பது பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவளுக்குச் சம்பளம் மாதிரி ஒன்று கொடுத்தார்கள்.

"ஊர் உலகத்துல பொண்டாட்டிக்குத்தான் சக்களத்தி வருவா. எனக்கு நூத்தி நாப்பது சக்களத்தி" என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். அவனுக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். "நாம பேசறதை மூணாம் மனுஷன் எதுக்குங்க படிக்கணும்?"

"என்னத்தைப் பேசிடறோம்? பால் வாங்கிட்டு வா, கேஸ் தீர்ந்துபோச்சு."

"அதுவும் நம்மளோடதுதானே?"

நேற்று நாலு மணிக்கு அவளைக் கடைசியாகப் பார்த்தான். தீவிர சிகிச்சை அறைக்குள் தினமும் பத்து நிமிஷம்தான் விடுவார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். நாலு நாளாகப் பேச்சில்லை. ஆனால் போனை நெஞ்சில் சாய்த்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஒருமுறை பார்த்தாள், மறுபடி தட்டினாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பக்கூட அவங்களோடதானா? பக்கத்துல ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கேன்டி."

அவள் விரலை நீட்டி அவன் சட்டைப்பையைக் காட்டினாள். தம்பிக்குப் போன் பண்ணச் சொல்கிறாள் என்று நினைத்தான். "பண்ணிட்டேன், பண்ணிட்டேன்" என்றான். போனை அவள் கையிலிருந்து எடுத்து நர்சிடம் கொடுத்தான். "இதை உள்ள வெச்சுப் பூட்டிடுங்க சிஸ்டர். தூங்கவே மாட்டேங்கறா." அவள் கையை நீட்டினாள். "நாளைக்குத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு வாசலில் குள்ளமாக ஒருவர் வந்து நின்றார். தோளில் பை, பஸ் தூசி.

"நான்தான் குடை" என்றார். பிறகு கூச்சத்துடன், "குழுவுல என் பேர் அது. பல் செட் கட்டற வேலை. அவங்க நோட்டுல என் நம்பர் இருந்துச்சுன்னு உங்க மச்சான் காலையில போன் பண்ணினார்."

வந்தவர் கட்டிலருகே போய் நின்றார். மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தியின் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது அவர் பார்த்த விதத்தில் தெரிந்தது. அவன் பொறுக்க முடியாமல் அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"நல்லாப் பாத்துக்குங்க. உங்களாலதான் போனா. ஒரு மாசமா இருமல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்டின்னா, இந்த வருஷத்துப் பணம் சேர்ற வரைக்கும் இருங்க, பாதியில விட்டா யாரும் போடமாட்டாங்கன்னா. சாகப்போற நேரத்துலகூட விடலியே நீங்க!"

குடை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உடம்பு சரியில்லைன்னு சொல்லவே இல்ல சார். நேத்து சாயங்காலம் பணம் நிறைஞ்சிடுச்சு. அவங்களுக்குத் தெரியாது. இனிமே எழுத ஆள் இல்ல, திருப்பிக் கொடுத்துட்டு மூடவேண்டியதுதான்." மூக்கை உறிஞ்சினார். "நாலு நாளா அவங்ககிட்டேயிருந்து ஒரு வரி வரலை. நாங்க எல்லாரும் தவிச்சுப்போயிட்டோம்."

"பொய் சொல்லாதீங்க. என் கண்ணால பார்த்தேன். எந்நேரமும் எழுதிக்கிட்டே இருந்தா. நர்சுகூடச் சொன்னாங்க."

குடை தன் போனை எடுத்துக் காட்டினார். அவள் கடைசியாக எழுதியது ஐந்து நாளைக்கு முன்னால். "கொஞ்ச நாள் வரமாட்டேன். வீட்டுக்காரர் திட்டறார், நியாயமாத்தான் திட்டறார்." அதன் கீழே விசாரித்தும் கெஞ்சியும் மற்றவர்கள் எழுதியது முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவள் ஒரு வார்த்தை இல்லை.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அப்படியானால் யாருக்கு எழுதினாள்?

தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மாஸ்க்கை ஒரு நொடி விலக்கிவிட்டுக் கேட்டாள். "நம்ம போன் எடுத்துக்கிட்டீங்களா?" அவன் சட்டைப்பையைத் தட்டிக்காட்டி, "இருக்கு" என்றான். பையில் இருந்தது கம்பெனி கொடுத்த சாதாரணப் போன். அவள் வாங்கிக் கொடுத்தது அதற்கு முந்தின வாரமே நின்றுபோயிருந்தது. லிஃப்ட் நின்றால் மெயினை அணைத்துப் போடுவான், தொண்ணூறு சதவீதம் சரியாகிவிடும். அப்படித்தான் அதையும் அணைத்துப் போட்டான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். பிறகு ஸ்பானர் பெட்டிக்குள் போட்டவன் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் முகம் வாடிவிடும். நாலு நாளும் ஒருமுறைகூட அந்தப் போன் அவன் நினைவுக்கு வரவில்லை.

பெட்டியைக் கவிழ்த்து அதை எடுத்தான். சார்ஜரில் போட்டு, குடையின் கையில் கொடுத்தான். அவர் செயலியைப் புதிதாக ஏற்றி அவன் நம்பரைப் போட்டார். வட்டம் சுற்றியது. பிறகு அவள் பெயர் வந்தது. அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று சாம்பல் நிறப் பட்டைகள் விழுந்தன. ஒன்பது. ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம். "இந்தச் செய்தியைத் திறக்க முடியவில்லை."

"போனை அழிச்சுட்டுப் புதுசாப் போட்டீங்களா சார்?"

"ஆமா."

குடை போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அதோட சாவியும் அழிஞ்சிடுச்சு. இது பழைய சாவிக்குப் பூட்டினது."

"அவ போன்ல இருக்குமே?"

"அதைத் திறக்க ஆறு வார்த்தை வேணும். வரிசையா. அது அவங்க மனசுல மட்டும்தான் இருந்துச்சு."

"இதோ பாருங்க" என்றான் அவன். குரல் கெஞ்சியது. "எந்த லிஃப்டா இருந்தாலும், உள்ள ஆள் மாட்டிக்கிட்டா வெளியிலேருந்து திறக்க ஒரு சாவி உண்டு. என் பையிலேயே இருக்கு. இதுக்கும் எங்கேயாவது ஒண்ணு வெச்சிருப்பா. அவ எழுதினதுதானே?"

"வெக்கலை சார். ஒண்ணு இருந்தா அது என்னைக்காவது தப்பான கைக்குப் போயிடும்னாங்க. என்னாலேயே திறக்க முடியாதுன்னு பெருமையாச் சொல்வாங்க. அதை நம்பித்தான் நாங்க பணமே போட்டோம்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவன் பட்டைகளின் ஓரத்தில் இருந்த நேரங்களைப் படித்தான். அதை மட்டும் யாரும் பூட்டவில்லை. முதல் நாள் பதினொன்று இருபது, அவளைச் சேர்த்துவிட்டு அவன் படியிறங்கிய நேரம். மறுநாள் காலை ஆறு. நாலு பதினைந்து, பார்வை நேரம் முடிந்தவுடன். இப்படியே எட்டு. ஒன்பதாவது நேற்று, நாலு மணி நாலு நிமிஷம்.

அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"அவளுக்கு அங்க எப்படித் தெரியும் இது? அனுப்பினதும்?"

"போய்ச் சேர்ந்தா ரெண்டு டிக். சேரலைன்னா ஒண்ணு." குடை அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில சிக்னல் இல்லைன்னு நினைச்சிருப்பாங்க சார்."

நூற்று நாற்பது பேருக்குச் செயலி எழுதினவளுக்குச் சிக்னல் தெரியாதா. ஒன்பது முறை ஒற்றை டிக்கைப் பார்த்தவள்தான் அவன் சட்டைப்பையைக் காட்டினாள். "பண்ணிட்டேன், பண்ணிட்டேன்." அவன் தன் தொடையில் ஓங்கி அறைந்துகொண்டான். குடை கையைப் பிடித்தார். அவன் அழவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவளிடம் கேட்காமல் யாரிடம் அழுவது?

நாலு மணிக்கு வண்டி வந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவன் தலைப்பக்கம் போனான். குடையும் ஒரு மூலையில் தோள் கொடுத்தார். பக்கத்து வீட்டம்மா லிஃப்டின் கதவைத் திறந்து யாரும் குறுக்கே வந்துவிடாமல் மறித்துக்கொண்டு நின்றாள்.

முதல் திருப்பம். இரண்டாவது திருப்பம். இந்த முறை யாரும் "மெல்ல" என்று சொல்லவில்லை.

"மாமா" என்றான் கால்பக்கத்திலிருந்து தம்பி. "டாக்டர் பேப்பரை எடுத்துக்கிட்டீங்களா?"

அவன் ஒரு கையை எடுத்துச் சட்டைப்பையைத் தட்டினான்.

"இருக்கு" என்றான்.

பேப்பர் மேலே, ஃப்ரிட்ஜின் மீது இருந்தது.