சரிவுக்கு அளவெடுத்த ஊன்றுகோல்

1

இந்தக் கதையை இதுவரை நாற்பது தடவை வாயால் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதில் வரும் மலை இருநூறு அடி வளர்ந்துவிடுகிறது. போன பொங்கலன்று சொன்னபோது அது சிவனொளிபாத மலையைக் குனிந்து பார்த்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், “அவ்வளவு பெரிய மலைன்னா றொசல்ல ஸ்டேஷன்லருந்தே தெரியணுமே, அண்ணே?” என்றார். மாட்டிக்கொண்டேன். எழுதிவிட்டால் மலை வளராது என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். (வளர்கிறது. மூன்றாம் பகுதியில் பாருங்கள்.)

நான் யார் என்று கேட்பீர்கள். றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் தேயிலைப் பெட்டி அடித்தவன். பெயர் பழனியாண்டி. ஆனால் பொட்டிக்காரன் என்று எழுதினால்தான் தபால் வந்து சேரும். போன வருடம், 1964இல், ஓய்வு கொடுத்தார்கள். நான் அடித்த பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கு— வேண்டாம். முதல் பக்கத்திலேயே வேண்டாம்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

“மழை பெய்துகொண்டிருந்தது.” அடித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் இது ஒரு செய்தியா?

“மனிதகுலத்தின் நடையையே மாற்றப்போகும் அந்தக் கண்டுபிடிப்பாளன், தன் சுத்தியலைக் கையிலெடுத்து வானத்தை—” கண்டுபிடிப்பாளன் நான்தான். இதைக் கதைக்குச் சொந்தக்காரியான வீரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “யாருண்ணே அது? நம்ம தோட்டத்து ஆளா?” என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்டாள். அதையும் அடித்தேன்.

மூன்றாவதுதான் இது:

1956 ஆனி மாதத்து மழையில் நாலாம் நம்பர் மலையில் மண் சரிந்து ஒரு பாறை உருண்டு வந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வீரம்மாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அவளுக்கு வயது முப்பத்தொன்று. கணவன் காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம். இரண்டு பெண்பிள்ளைகள். ஐப்பசியில் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஊன்றுகோல்களோடு எட்டாம் லயம் மூன்றாம் காம்பராவுக்குத் திரும்பி வந்தாள்.

லயம் என்றால் தெரியாதவர்களுக்கு: ஒரே கூரையின் கீழே வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. தோட்டத்தில் பேர் இருக்கும் வரைதான் அந்தக் காம்பராவும் இருக்கும்.

கண்டாக்கு கணேசமூர்த்தி, அதாவது எங்கள் மலைகளை மேற்பார்வை பார்த்தவர், வாசலில் நின்று சொன்னதை நானும் கேட்டேன்.

“மாசி மொத திங்கக்கெழம காலையில பேர் கூப்பிடுறப்ப பெரட்டுக்கு வரணும். நாலாம் நம்பர் மல. மத்தியான நிறுவைக்கு கொழுந்தோட ஒன் காலாலயே நடந்து வரணும். வந்தா பேரு இருக்கும்.”

“வராட்டி, ஐயா?”

“காம்பராவுக்கு வேற ஆள் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

அவர் கெட்டவர் இல்லை. முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் கொடுத்திருந்தேன். பிறகு மனசு கேட்கவில்லை, கண்ணைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். மீசை அவருடையதுதான்.

3

நாலாம் நம்பர் மலையின் சரிவு எப்படிப்பட்டது என்றால், மேல் வரிசையில் நின்று தும்மினால் கீழ் வரிசைக்காரர் முகத்தைத் துடைப்பார். அங்கே கோழி முட்டையிட்டால் அடைகாக்கக் கீழே வட்டவளை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். உயரம் ஒன்பதாயிரம்—

(“கொறைங்கண்ணே,” என்கிறாள் வீரம்மா.)

சரி. செங்குத்தான மலை. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக் கட்டைகள் ஆறடி ஆள் ஒருவருக்குச் செய்தவை போலிருந்தன. வீரம்மா அவற்றில் கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி தொங்கினாள். இரண்டு கக்கத்திலும் புண். கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

“பொட்டிக்காரண்ணே, இத ஒரு வழி பண்ணுங்க. பொட்டி மாதிரி பண்ணிராதீங்க.”

பெட்டி மாதிரிதான் பண்ணினேன். சவுக்கு மரத்தில் புதிதாக இரண்டு கட்டை இழைத்தேன். நாலு மூலையும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது பெட்டிக்காரனுக்கு ரத்தத்தில் ஊறிய புத்தி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நடுக்குமிழி அசையவில்லை. தொழிற்சாலையின் சிமெந்துத் தரையில் வீரம்மா நடந்து பார்த்தாள். நடந்தாளா, மிதந்தாள்! வேலைக்காரர்கள் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன்.

மறுநாள் மலையில், முதல் வரிசையில், ஏழாவது செடியருகே கீழே விழுந்தாள்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். காதிலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “அண்ணே, நான் ஒங்க பெக்கிங் ரூம்லயா கொழுந்து எடுக்கப் போறேன்?”

சரிவில் குறுக்காக நடக்கும்போது மலைப்பக்கத்துக் கட்டை குட்டையாக இருக்க வேண்டும், பள்ளத்துப் பக்கத்துக் கட்டை நீளமாக இருக்க வேண்டும். அத்தனை வருடம் மலையில் வாழ்ந்தவனுக்கு இது தெரியவில்லை. என் உலகம் சிமெந்துத் தரை.

4

இனி மெத்தைப் படலம்.

முதலில் கட்டையின் தலைக்கு இலவம்பஞ்சு வைத்துக் கட்டினேன். மழையில் நனைந்து, கக்கத்துக்கு ஓர் ஈரப் பூனையை இடுக்கியது போலாயிற்று. அடுத்து எனக்கு ஒரு மகத்தான யோசனை உதித்தது. தொழிற்சாலைத் தரையில் தேயிலைப் பஞ்சு என்று ஒன்றைக் கூட்டி அள்ளுவார்கள், இலையிலிருந்து உதிரும் மெல்லிய தூசு. அதைத் துணியில் அடைத்துத் தைத்தேன். என்ன மென்மை! அன்று மாலையும் மழை பெய்தது. வீரம்மாவின் உடம்புச் சூட்டில் மெத்தை ஊறி, சாயம் இறங்கி, ரவிக்கை இரண்டு பக்கமும் கஷாய நிறம். மூன்று நாள் அவளைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம், “சீனி போதுமா, வீரம்மா?” என்று கேட்டார்கள்.*

* சாயம் இறங்கியது உண்மை. மூன்று நாள் என்பது ஒரு நாள்.

கடைசியில் இருவரும் ஸ்டேஷன் பக்கத்துத் தையல்கடைக்குப் போனோம். தையல்காரர் மஃறூப் நானா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஓய் பொட்டிக்காரே, ஆளப் பாக்காமயா இத அறுத்தீங்க?”

“ரசமட்டம் வச்சுப் பார்த்தேன் நானா.”

“அப்ப ரசமட்டத்துக்குத்தான் நல்லா இரிக்கும்.”

பெண்களுக்கு அவர் அளவெடுப்பதில்லை. திரைக்குப் பின்னால் அவருடைய மனைவி றுக்கையா எடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல நானா சுண்ணக்கட்டியால் பலகையில் குறித்தார். அங்குலக் கணக்கு வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

“தங்கச்சி, பாரத்த எங்க வெக்கிறீங்க? கக்கத்துலயா?”

“வேற எங்கக்கா வெக்கிறது?”

“கக்கம் தையல் வார எடம். மூட்ட தூக்குற எடமா அது? கையில வைங்கொ. கட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவுல மூணு விரல் போகணும். முழங்கை கொஞ்சம் மடங்கணும். இந்தா, இப்பிடி.”

திரைக்குள் டொக், டொக் என்று இரண்டு அடி கேட்டது. பிறகு வீரம்மாவின் குரல் வந்தது. “அக்கா… வலிக்கல.”

நான் மாதக்கணக்கில் மெத்தையைத் தடிப்பாக்கிக்கொண்டிருந்தேன். றுக்கையா திரைக்குப் பின்னால் நின்று, மெத்தையே தேவையில்லாத இடத்துக்குப் பாரத்தை மாற்றிவிட்டாள். அந்தத் திரையை என் முதல் பிரதியில் காணவில்லை. அங்கே நானே அளவெடுத்திருந்தேன். மன்னியுங்கள்.

5

இப்போது கையில் பாரம். கை வலிக்கக்கூடாது. வீரம்மா ரொட்டிக்குப் பிசைந்த மாவில் இரண்டு உருண்டை எடுத்து, கைக்கொன்றாக அவளை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். அந்த மாவைத் தணலில் சுட்டேன். கல்லாகிவிட்டது. அதைப் பார்த்துக் கைப்பிடியைச் செதுக்கினேன். இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம். பெருவிரலுக்குத் தனி மேடு. அரசன் சிம்மாசனத்தில் உட்கார்வது போல அவள் கை அதில் போய் உட்கார்ந்தது.

வலக்கட்டை நாலரை அங்குலம் குட்டை. அடியில் டயர் ரப்பர்.

சரி, நடக்கலாம். கொழுந்து எடுப்பது எப்படி? அதற்கு இரண்டு கையும் வேண்டுமே. இந்த இடத்தில் நான் பதினோரு பக்கம் கற்பனை செய்து, கப்பி, கயிறு, ஸ்பிரிங் எல்லாம் போட்டு ஓர் இயந்திரம் எழுதியிருந்தேன். வீரம்மா செய்தது இதுதான். கூடைக்கயிறு எப்போதும் போல நெற்றியில். நீளக் கட்டையைப் பின்னால் கொண்டுபோய்க் கூடையின் அடியில் முட்டுக்கொடுத்தாள். செடியில் இடுப்பைச் சாய்த்தாள். ஒரு கால், ஒரு கட்டை, ஒரு செடி. மூன்று காலில் நிற்கும் முக்காலி ஆடுமா? குட்டைக் கட்டையைச் செடியின் தலையில் கிடத்தினாள். கொழுந்து எடுக்கிறவர்கள் செடியின் மட்டம் பார்க்க ஒரு கம்பு வைத்திருப்பார்கள். அது மட்டக்கம்பாகிவிட்டது. இரண்டு கையும் சும்மா.

“எப்படித் தோணுச்சு?” என்று கேட்டேன்.

“கூட முதுக இழுக்குது. கட்ட சும்மா நிக்குது. ரெண்டையும் சேத்து வச்சேன். இதுல என்னண்ணே இருக்கு?”

பதினோரு பக்கமும் போயிற்று.

6

மாசி முதல் திங்கட்கிழமை. பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். நான் அரைநாள் லீவு போட்டு, மலையடியில், தராசு தொங்கும் இடத்தில், கண்டாக்குக்குப் பக்கத்தில் நின்றேன். மலை அவளுக்கு வலப்பக்கம். குட்டைக் கட்டை வலக்கையில். டொக், டொக். வழுக்கவில்லை. கீழ் வரிசையின் கடைசி வரை போனாள். பிறகு மூடுபனி இறங்கி மலையை மூடிவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வரும்போது மலை இடப்பக்கம் அல்லவா இருக்கும்!

குட்டைக் கட்டை இடக்கைக்கு வர வேண்டும். மாற்றிப் பிடித்தால் போதும், யாரும் செய்யலாம். ஆனால் நான்தான் ஒவ்வொரு விரலுக்கும் பள்ளம் தோண்டி வைத்திருக்கிறேனே! வலக்கைப் பிடியில் இடக்கையை வைத்தால் பெருவிரல் மேடு உள்ளங்கையில் குத்தும், பிடி வழுக்கும். அவள் நடந்ததை நான் பார்த்தது எல்லாம் போகும் வழியில்தான். திரும்பி வருவதை நான் யோசிக்கவே இல்லை. பெட்டி திரும்பி வருவதில்லை. அது கொழும்புக்குப் போனால் போனதுதான்.

“என்ன பொட்டிக்காரே, வேர்க்குது?” என்றார் கண்டாக்கு.

“வெயிலுங்க,” என்றேன், மூடுபனிக்குள் நின்று.

மத்தியான நிறுவைக்குக் கொம்பு ஊதினார்கள். மற்றப் பெண்கள் கூடைகளோடு இறங்கி வந்தார்கள். ஒவ்வொருவராக நிறுத்தார்கள். வீரம்மா இல்லை. கண்டாக்கு மேலே பார்த்தார். பென்சிலைக் காதில் செருகினார்.

டொக்.

பனிக்குள் முதலில் தெரிந்தது கூடை. கூடை மட்டும். கொழுந்து நிறைந்து, தானாக அசைந்து அசைந்து எங்களை நோக்கி வந்தது.

“என்னாது இது, கூட தனியா வருது?” என்றார் கண்டாக்கு. குரல் கொஞ்சம் நடுங்கிற்று.*

* நடுங்கவில்லை. நடுங்கியது நான்.

கூடைக்குப் பிறகுதான் வீரம்மா தெரிந்தாள். பின்பக்கமாக நடந்து வந்தாள். முகம் வரிசைக் கோடியைப் பார்த்தபடி, முதுகு எங்களைப் பார்த்தபடி. அப்படி வந்தால் மலை அவளுக்கு எப்போதும் வலப்பக்கம்தான். குட்டைக் கட்டை வலக்கையில், நீளக் கட்டை இடக்கையில், ஒவ்வொரு விரலும் அதனதன் பள்ளத்தில். ஒரு கட்டையைப் பின்னால் விட்டுத் தரையைத் தட்டிப் பார்ப்பாள். பிறகு கால். பிறகு மற்றக் கட்டை. தராசின் சங்கிலி கூடையில் இடித்ததும் நின்றாள்.

“வந்துட்டேங்கையா.”

“ஏய், இங்கிட்டுத் திரும்பு. நடந்து வரணும்னு சொன்னேன். இப்பிடியா வரச் சொன்னேன்?”

“எப்பிடி வரணும்னு நீங்க சொல்லலீங்களே.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கண்டாக்கு சிரிக்கவில்லை. கூடையை நிறுக்கச் சொன்னார். நிறை சரியாக இருந்தது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பெயர்ப் புத்தகத்தைத் திறந்தார். வீரம்மாவின் பெயர் இருந்த வரியில் பென்சில் முனை போய் நின்றது. ஒரு கோடு இழுத்தால் பெயர் போகும். ஒரு புள்ளி வைத்தால் இருக்கும். வீரம்மா கட்டைகளை விடாமல், மெல்ல, மிக மெல்லத் திரும்பி, அந்தப் பென்சிலை—

7

இங்கே நிறுத்துகிறேன்.

இந்த இடத்துக்கு ஐந்து முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் துரையே குதிரையில் வந்து கை தட்டுகிறார். (எங்கள் துரைக்குக் குதிரை கிடையாது.) ஒன்றில் கண்டாக்கு கோடு போடுகிறார், மலையே இடிந்து விழுகிறது. இன்னொன்றில் அந்தக் கட்டைகளைப் பார்க்க இறம்பொடையிலிருந்தும் உடப்புசல்லாவையிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள். இறம்பொடைக்கு ரயில் கிடையாது என்று அச்சுக்கோர்க்கிறவர் சொல்லக்கூடும், எனவே அதுவும் போயிற்று. மிச்ச இரண்டும் அழுகை.

வீரம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

“கூட நெறைய கொழுந்தோட வந்தேன். அத எழுதியாச்சுல்ல? பென்சில் கண்டாக்கையாவோடது. அவரு என்ன செஞ்சாருன்னு அவரக் கேளுங்க.”

“வாசகர்கள் கேட்பாங்களே, வீரம்மா.”

“ஒரு முடுக்கான சரிவுல போயி, ஒண்ணு நெட்டையா ஒண்ணு குட்டையா ரெண்டு கம்பு எடுத்துக்கிட்டு, போயிட்டுத் திரும்பச் சொல்லுங்க. அதுக்கப்பறம் அவுங்களே முடிவு சொல்லட்டும். வாங்க, தேத்தண்ணி ஆறுது.”

ஆகவே பென்சிலை உங்கள் கையில் தருகிறேன். முனை கூர்மையாகத்தான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம், நான் தேத்தண்ணி குடிக்கிறேன். கைப்பிடிகளை அதற்குப் பிறகு உருண்டையாக, எந்தக் கைக்கும் பொருந்தும்படி இழைத்துக் கொடுத்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டைகள் இதோ, எதிரே கதவோரம் சாய்ந்து நிற்கின்றன. ரப்பரில் இன்று காலை ஒட்டிய மண் இன்னும் காயவில்லை.

எழுதிய இடம்: எட்டாம் லயம், மூன்றாம் காம்பரா.