வட்டத்தில் சொன்னது

சோபாவின் பின்னங்கால் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. உள்ளிருந்து கபோட்வே தள்ளினார், வெளியிலிருந்து முடின்டா இழுத்தாள். அது அசைவதாக இல்லை.

"இதை எந்தப் பக்கமா உள்ள கொண்டுவந்தாங்கன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்றார் கபோட்வே.

"சாய்ச்சுத் தூக்குங்க, வந்துடும். இதுக்கும் ஒரு கேள்வியா?" என்று எழுந்து வந்தாள் ரோடா.

அவள் எழுந்து வந்திருக்கக் கூடாது. காலை ஆறு மணிக்குக் கணவன் செத்திருக்கிறான். உடலைப் பிணவறைக்கு அனுப்பியாயிற்று. இனி சோபாக்களை வெளியேற்றிவிட்டு ஹாலில் விரித்த மெத்தையில் சுவரோரமாகச் சாய்ந்து, வருகிறவர்கள் அழும்போது கூட அழுவதுதான் மனைவிக்குள்ள வேலை. ரோடாவுக்கோ உட்கார முடியவில்லை. விடிந்ததிலிருந்து இது நாலாவது தடவை. அடுத்த வீட்டு எனெலெஸ் அவள் இடுப்பில் சுற்றிய சிட்டெங்கே துணியின் முந்தியைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருடி. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"எறும்பு கடிக்குது."

"புது மெத்தையில ஏதுடி எறும்பு?"

இருவருக்கும் கிழக்கே சிபாட்டா பக்கம்தான் சொந்த ஊர். இந்தச் சுரங்க நகரம் கிட்வேயில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அதனால் எனெலெஸுக்கு அவளை அதட்ட உரிமை உண்டு. ரோடா உட்கார்ந்தாள். கண் மட்டும் கபோட்வேயை விட்டு நகரவில்லை.

செத்துப்போன ஏலியாஸ் கடோங்கோ, செயல்வழிக் கற்றல் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷமாகத் தலைவர். கபோட்வே துணைத் தலைவர், முடின்டா செயலாளர். செம்புச் சுரங்கத்தின் பயிற்சிப் பிரிவில் கடோங்கோ தொடங்கிய காரியம் அது. ஆறேழு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் தன் சிக்கலைச் சொல்வார். மற்றவர்கள் மறந்தும் யோசனை சொல்லிவிடக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவர் வழி கண்டுபிடிப்பார். போய்ச் செய்து பார்த்துவிட்டு அடுத்த மாதம் வந்து சொல்வார். வங்கிக்காரர்களும் மருத்துவமனைக்காரர்களும் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவள் ரோடா. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால், "உனக்கு எப்படித் தோணுது?" என்பார். முப்பத்தொரு வருஷம் இதே பாட்டு. சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அவர் படுத்த படுக்கையான இந்த மூன்று வாரமாக அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க புதைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க." ஒன்பது வயதில் காய்ச்சலில் போன அவர்களுடைய மகள் தெம்வா, கிட்வே கல்லறையில்தான் கிடக்கிறாள். பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது. ஆனால் கடோங்கோவின் ஊர் வடக்கே மான்சா. அங்கே தாய்மாமன் சொல்வதுதான் சட்டம். மாமா வந்து, பிள்ளை எங்கள் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு போய்விட்டால் ரோடா என்ன செய்ய முடியும்? இங்கேதான் என்று அவர் வாயால் ஒரு சொல் வந்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அவள் யாரோடும் மல்லுக்கு நிற்பாள்.

"நீ எதுக்குப் பயப்படறே, ரோடா?" என்று கேட்டாரே தவிர, அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் கபோட்வேயையும் முடின்டாவையும் வரவழைத்து, கட்டிலருகே நாற்காலி போடச் சொன்னார். ரோடா கஞ்சி வைக்கப் போனாள். கதவைச் சாத்தினார்கள். நாற்பது நிமிஷம் கழித்துத் திறந்தபோது முடின்டாவின் கண் சிவந்திருந்தது.

ரோடா ஐந்தாவது தடவையாக எழுந்தாள்.

"இப்ப எங்கடி?"

"கக்கூஸுக்கு. அதுக்கும் துணைக்கு வர்றியா?"

கொல்லைப்புறத்தில் கரியடுப்புகளின் மேல் பெரிய பானைகளில் ன்ஷிமாக் களி கொதித்தது. கிளறிக்கொண்டிருந்த பெண்ணிடமிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே அனுப்பினாள் ரோடா. கபோட்வேயையும் முடின்டாவையும் கூப்பிட்டாள்.

"நேத்து அவர் என்ன சொன்னாரு?"

கபோட்வே தரையைப் பார்த்தார். "அண்ணி, அது வட்டத்துல சொன்னது."

"வட்டமும் போச்சு, ஆளும் போயாச்சு."

"வட்டத்துல சொன்னதை, சொன்னவர் மட்டும்தான் வெளிய சொல்லலாம்" என்றாள் முடின்டா மெதுவாக. "அண்ணன் எழுதின விதி அண்ணி. நாங்க எப்படி மீறுறது?"

"சொன்னவர் பிணவறையில இருக்காரு. அங்க போய்க் கேட்டுட்டு வரட்டுமா?"

கபோட்வேக்கு வேர்த்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? வாய் தானாகத் திறந்தது. "தெரிஞ்சா உங்களுக்கு என்ன மாறும் அண்ணி?"

"இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்க, இந்தத் துடுப்பாலயே போடறேன்." ஓங்கிய துடுப்பை இறக்கினாள். "அவருக்குப் பல் தேச்சு விட்டவ நான். பீ அள்ளினவ நான். என்கிட்ட சொல்லாததை உங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. அது எவ்வளவு வலிக்கும்னு உங்க சங்கத்துல யாராவது கத்துக் கொடுத்தாங்களா?"

களி அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. யாரும் கிளறவில்லை.

"மான்சா" என்றார் கபோட்வே. "அம்மா பக்கத்துல."

ரோடா துடுப்பைப் பானைக்குள் போட்டாள்.

"உங்ககிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலைன்னு அழுதாரு. அதுதான் அவர் கொண்டுவந்த சிக்கல். நாப்பது நிமிஷமும் நாங்க அதைப் பத்தித்தான் கேட்டோம்."

"வழி கண்டுபிடிச்சாரா?"

"கஞ்சி குடிச்சுட்டு நானே சொல்றேன்னாரு" என்றாள் முடின்டா.

நேற்று அந்தக் கஞ்சியில் இரண்டே கரண்டிதான் குடித்தார். கை வலிக்கலையா ரோடா என்று கேட்டார். பிறகு கண்ணை மூடியவர் திறக்கவேயில்லை. அவர் இன்னும் கொஞ்சம் குடித்திருந்தால், நான் இன்னும் கொஞ்சம் தண்ணியாகக் காய்ச்சியிருந்தால் என்று என்னென்னவோ ஓடியது அவளுக்கு.

"நாங்க இதை வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார் கபோட்வே. "மாமாகிட்டயும். சத்தியமா."

முன்வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ரோடா ஓடிப்போய் மெத்தையில் உட்கார்ந்தாள்.

தாய்மாமன் ன்சோஃபு, இரண்டு மருமகன்களோடு வந்து இறங்கினார். மான்சாவிலிருந்து வரும் சாலை காங்கோ நாட்டு மண்ணுக்குள் புகுந்துதான் இந்தப் பக்கம் வரும். இரண்டு எல்லையிலும் நின்று நின்று அலுத்திருந்தார்கள். எனெலெஸ் வாசலை மறித்துக்கொண்டாள். இவள் இனத்தாருக்கும் அவர் இனத்தாருக்கும் கேலிமுறை உண்டு, சாவு வீட்டில் அதற்கு விலக்கு கிடையாது.

"குரங்கு தின்னிங்கல்லாம் வந்தாச்சு. பானையை மூடி வைங்கடி."

"எலி தின்கிறவ வீட்டுல எங்களுக்கு என்ன சோறு கிடைச்சிடப்போகுது?" என்றார் மாமா. இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் நேரே வந்து ரோடாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

பிறகு துடைத்துக்கொண்டு சொன்னார். "வர்ற வழியில கல்லறையில குழந்தையைப் பார்த்துட்டு வந்தேன். புல்லெல்லாம் பிடுங்கிச் சுத்தமா இருக்கு. யாரு பாக்கறது?"

"நான்தான் மாமா."

"மாசா மாசமா?"

"வாரா வாரம்."

மாமா தலையை ஆட்டினார். "உன்கூடச் சண்டை போடணும்னுதான் கிளம்பி வந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அங்க நின்னப்ப மனசு மாறிடுச்சு. அவன் மான்சான்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா வேற விஷயம், அவன் சொல்லைத் தட்டறதுக்கு நீயும் ஆளில்லை, நானும் ஆளில்லை. சொல்லலைன்னா மக கிட்டயே படுக்கட்டும். எங்க அக்கா கோவிச்சுக்க மாட்டா." நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏதாவது சொன்னானா?"

ரோடாவின் நெஞ்சில் சந்தோஷம் பொங்கியது. நிஜமான சந்தோஷம். அதற்காக அடுத்த கணமே வெட்கப்பட்டாள். கபோட்வே கூரையைப் பார்த்தார். முடின்டா தன் செருப்பைப் பார்த்தாள். இருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், செத்தாலும் மாட்டார்கள். அவளும் திறக்க வேண்டியதில்லை. விதியே அப்படித்தான் சொல்கிறது. சும்மா இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் புல் பிடுங்கலாம்.

மாமா காத்திருந்தார். ரோடா சிட்டெங்கேயின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"காங்கோ எல்லையில சவப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வாங்களா மாமா?" என்று கேட்டாள்.

மாமா நிமிர்ந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர் சரியா இருந்தா திறக்க மாட்டாங்கம்மா" என்றார் கடைசியில்.

கபோட்வே எழுந்தார். என்ன பேப்பர் என்று யாரையும் கேட்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.